அவுட்டப்பா

மே 4, சனி

அப்பா இன்றும் ஆரம்பித்துவிட்டார். பந்து இன்னும் காற்றில் இருக்கிறது, அவருடைய "அவுட்" அதற்குள் தரையில் விழுந்துவிட்டது.

பிக்கிள்பால் என்பது மட்டையும் பிளாஸ்டிக் பந்துமாக ஆடும் குட்டி டென்னிஸ்; எங்கள் பூங்காவுக்கு நடுவர் எல்லாம் வரமாட்டார். நம் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நாமேதான் சொல்ல வேண்டும், எதிர் ஜோடி அதை நம்ப வேண்டும். சந்தேகம் வந்தால் அவர்களுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும். அப்பாவுக்குச் சந்தேகமே வராது. அதுதான் சிக்கல். கார் கதவுகள் செய்யும் ஆலையில் வருடக்கணக்காகக் கீறல் கண்டுபிடித்த கண் அது. போன இலையுதிர் காலத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். கண் மட்டும் இன்னும் ஷிப்டில் இருக்கிறது.

வலையை ஒட்டிய பட்டைக்குக் கிச்சன் என்று பெயர். அதில் நின்றுகொண்டு, தரையில் படாமல் வரும் பந்தை அடிக்கக் கூடாது. வீட்டுக் கிச்சனில் காலே வைக்காத மனிதர், இந்தக் கிச்சனில் மட்டும் காலை வைத்துவிட்டு, வைக்கவே இல்லை என்று சாதிக்கிறார்.

ஜோடி சேர்த்துவிடுவது மார்லீன். ரிட்டயரான தபால்காரம்மா, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். "லொவெல், அது கோட்டு மேலயே விழுந்துச்சுப்பா" என்றார்.

"என் கண்ணு தப்பாது, மார்லீன்."

அவர் போய்த் தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார்.

புதுப் பட்டம் சூட்டியிருக்கிறேன்: அவுட்டப்பா. இப்போதைக்கு இந்தப் பக்கங்களுக்கு மட்டும்.

மே 7

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னது: "அந்த ஆட்டமும் இல்லேன்னா உங்கப்பா சோபாவோட சோபாவா ஆயிடுவாரு. அப்புறம் தூசிதான் தட்டணும்."

மே 11, சனி

இன்று ஒரு மகத்தான காரியம் செய்தேன். அப்பா கத்திய ஓர் உயர்தர "அவுட்!"டைப் போனில் பதிவு செய்து ரிங்டோனாக வைத்துக்கொண்டேன். மார்லீனுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். தனக்கும் அனுப்பச் சொன்னார். பிறகு பெஞ்சில் இருந்த எல்லோரும். உப்பு டப்பாவில் சர்க்கரை போட்டதெல்லாம் குழந்தைத்தனம். இதுதான் கலை.

மே 18, சனி

கலையாம் கலை.

அப்பா ஆடிக்கொண்டிருந்தார். கோட்டோரம் ஒரு பந்து. "அவுட்" என்றார். யாரோ ஒருவன் பெஞ்சில் இருந்தவனுக்குப் போன் போட்டான். "அவுட்!" உடனே இன்னொரு போன். அப்புறம் பெஞ்சு முழுக்க — அவுட், அவுட், அவுட்.

அப்பா முதலில் யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தார். பிறகு அது தன் குரல்தான் என்று புரிந்துவிட்டது. அவரும் சிரித்தார். வாய் மட்டும். அதற்கப்புறம் நானே எடுத்துவிடக்கூடிய பந்துகளைக்கூட வலையில் அடித்தார்.

திரும்பி வரும்போது டிரக்கில் கேட்டார்: "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கறாங்களாடி?"

சும்மா விளையாட்டுப்பா என்றேன்.

"பொய் சொல்றதில்லடி. எனக்கு அப்படித்தான் தெரியுது."

ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றிக்கொண்டே வந்தேன்.

மே 25, சனி

மழை வரும் போலிருக்கிறது, போகவில்லை என்றார் அப்பா. ஒஹாயோ முழுக்க ஒரு மேகம்கூட இல்லை.

ஜூன் 1, சனி

இன்று மழையைக்கூடச் சாக்கு சொல்லவில்லை. சோபா.

மார்லீன் எனக்குப் போன் செய்தார். அந்தச் சத்தத்தை எல்லோருடைய போனிலிருந்தும் தானே நின்று அழிக்க வைத்தாராம். "அவனக் கூட்டிட்டு வாடி, ஜோஸி. ஆனா அந்த வாய மட்டும் வீட்ல வெச்சுட்டு வரச் சொல்லு."

ஜூன் 5

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ரிங்டோன் என் வேலைதான் என்று.

"தெரியும்" என்றார் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடைசில உன் இளிப்பும் சேந்து ரெக்கார்ட் ஆயிருந்துச்சு."

பிறகு பேரம் பேசினேன். சனிக்கிழமை நான் அவருக்கு ஜோடி. எங்கள் பக்கம் விழும் பந்துக்கெல்லாம் நானே சொல்வேன். அவர் அடிப்பதோடு சரி.

"அப்ப நான் என்ன ஊமையா?"

"ஆமா. வீட்டுக்கு வர்ற வரைக்கும்."

ஜூன் 8, சனி

வந்தார்!

நான் "உள்ளே" என்று சொல்லும்போதெல்லாம் கசப்பு மருந்து விழுங்கியவர் மாதிரி முகம். ஒரு தடவை "அ—" என்று ஆரம்பித்துத் தும்மலாக மாற்றிவிட்டார். எதிரே நின்ற மார்லீன், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். தோற்றோம். ஆனால் யாரும் தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

ஜூன் 15, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மார்லீன் ஜோடிக்குப் பத்து, எங்களுக்கு ஒன்பது. அவர்களுக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். நான் வலையோரம், அப்பா பின்னால். மார்லீன் தூக்கி அடித்தார். பந்து என் தலைக்கு மேலே போய்ப் பின்கோட்டுப் பக்கம் விழுந்தது. நான் திரும்புவதற்குள் அது துள்ளி வேலிக்குப் போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். பெஞ்சில் சிப்ஸ் கொறித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான்.

அப்பா பந்து விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்தார், கதவில் கீறல் பார்ப்பதுபோல. நிமிர்ந்தார்.

"நான் சரியாப் பாக்கல" என்றார். "அதனால உள்ளதான்."

ஆட்டம் போச்சு. மார்லீன் பாராட்டவெல்லாம் இல்லை. "இன்னொரு ஆட்டம் ஆடலாமா, லொவெல்?" என்று மட்டும் கேட்டார். ஆடினோம்.

டிரக் பூங்காவைத் தாண்டியதும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து இரண்டு விரலைக் காட்டினார். "இவ்ளோ வெளிய விழுந்துச்சுடி." அடுத்த சிக்னலில் ஒரு சாண் ஆனது. எங்கள் தெருவுக்கு வந்தபோது அந்தப் பந்து பக்கத்து மாவட்டத்தில் விழுந்திருந்தது.

"ஆமாப்பா" என்றேன், ஒவ்வொரு தடவையும்.