வீட்டில் தூக்கிய கை

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பாவுடைய முழங்காலையும் இன்றைக்கு என் மனசையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, அறை ஜன்னலைத் தினமும் ஒரு தடவையாவது திறந்து, சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் கைக்கு வரும். ஆபீசில் மேலாளர் அம்மா எல்லோர் முன்னாலும், "இந்தக் குரல் யாரோடது?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரரோடது மேடம்" என்று நான் சொல்லவில்லை. போன் பண்ணியிருக்கலாமே என்பாய். விடிந்தால் ஊரின் தண்ணீர்ப் புகாரையெல்லாம் காதில் வாங்குகிறவளுக்கு வீட்டுக்கு வந்தும் போனைத் தொட்டால் கை கூசுகிறது. போதாததற்கு நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், நான் மீதியை விழுங்கிவிடுவேன், எனக்கு மீதிதான் முக்கியம்.

எங்கள் புகார் அறையை நீ பள்ளிக்கூட நாட்களில் பார்த்திருக்கிறாய், நாற்காலிகள் மாறியதைத் தவிர அது அப்படியேதான் இருக்கிறது, ஏ.சி. பெட்டிகூட அதே இருமலோடு ஓடுகிறது. அங்கே எந்த விதிமுறையிலும் எழுதாத ஒரு பழக்கம் உண்டு என்று சாப்பிடும்போது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், உனக்கு மறந்திருக்கலாம். போனில் யாராவது வரம்பு மீறித் திட்ட ஆரம்பித்து, நமக்குக் குரல் உடையப்போகிறது என்று தெரிந்தால், பேசிக்கொண்டே இடது கையைத் தூக்க வேண்டும். அந்த நேரம் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் வந்து நம் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தங்கள் தலையில் மாட்டிக்கொண்டு, "நான் மேலதிகாரி பேசறேன், சொல்லுங்க" என்பார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் அறையில் ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோரும் மேலதிகாரிகள். சம்பளம்தான் அதை ஒப்புக்கொள்வதில்லை. திட்டுகிறவர் மேலும் குற்றம் இல்லை, குழாயில் காற்று மட்டும் வந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும், ஆனால் கேட்கிற காது ஒன்றுதானே. கை தூக்கியவள் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நான் அங்கே இத்தனை வருடம் நிலைத்ததற்கு அந்தக் கேட்காமல் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வருட ஆரம்பத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சோதனைத் திட்டம் வந்தது, உனக்குச் சொன்னேனே. விருப்பப்பட்டவர்கள் வாரத்தில் பாதி நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இல்லாவிட்டால் தினமும் கூடுதல் நேரம் இருந்து ஐந்து நாள் வேலையை நாலு நாளில் முடித்துவிட்டு ஐந்தாம் நாள் வீட்டில் இருக்கலாம். நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன், பேருந்தில் நின்றுகொண்டே புத்தகம் படிக்கிற வித்தை மறந்துவிடுமே என்பதைத் தவிர வேறு வருத்தம் இல்லை. எங்கள் பிரிவின் ஒரே ஆண்பிள்ளையான குயில், அவருடைய மெல்லிசுக் குரலுக்காக நாங்கள் வைத்த பெயர், அவர் நாலு நாள் வாரத்தை எடுத்தார். ஐந்தாம் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆபீசுக்கே வந்து, தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். "லீவு நாளில இங்க வந்தா சம்பளத்தைப் பிடிப்பேன்" என்று மேலாளர் அம்மா விரட்டிய பிறகு வாசலோடு நின்று குடித்துவிட்டுப் போகிறார். இதெல்லாம் எங்களுக்கு வசதி, அவ்வளவுதான். சுருட்டைக்குத்தான் அது வாழ்க்கை. என் பக்கத்து நாற்காலிப் பெண், தலைமுடி சீப்புக்கு அடங்காது. கைக்குழந்தை, கணவன் கப்பல் வேலை, வாரம் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. வீட்டிலிருந்து வேலை செய்வது நிரந்தரமானால் இருப்பாள், இல்லையென்றால் ராஜினாமா. "எழுதியே வெச்சிட்டேன் அக்கா, தேதி மட்டும் போடணும்" என்று குழந்தைக்கு ஊட்டுவதைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

இப்போது நடந்ததைக் கேள். போன மாதம் ஒரு நாள் வீட்டில், உன் அறையில், உன் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். காலைச் சவாரி முடித்து, பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு, அப்பா வீட்டில் இருந்தார். ஒரு மனிதர் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே என் வயசு, என் வளர்ப்பு, என்னைப் பெற்றவர்கள் என்று வரிசையாக ஆரம்பித்துவிட்டார். நான் எத்தனையோ கேட்டவள்தான், ஆனால் நாலு சுவருக்குள் தனியாகக் கேட்கும்போது அது ஆபீசுக்கு வந்த திட்டாக இல்லை, நம் வீட்டுக்குள் செருப்போடு வந்துவிட்ட ஆள் மாதிரி இருந்தது. எழுந்து நின்றுவிட்டேன். என்னை அறியாமல் இடது கை மேலே போயிற்று. யார் பார்ப்பார்கள் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை, பழக்கம். கதவோரம் உன் அப்பா டீயோடு நின்றிருந்தார். கையைப் பார்த்தார். டம்ளரை உன் புத்தகங்களின் மேல் வைத்தார் (வட்டக் கறை விழுந்திருக்கிறது, திட்டாதே). வந்து என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார், கண்ணாடியில் சிக்கியதைச் சரிசெய்து மாட்டிக்கொண்டு, "நான் மேலதிகாரி பேசறேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். தினமும் பேருந்தில் பிள்ளைகளிடம் சொல்வாரே, அதே குரல், அதே நிதானம். "முதல்ல உக்காருங்க. உக்காந்துட்டீங்களா? சரி. இப்ப சொல்லுங்க."

அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார் பொடிசு. நானும் உட்கார்ந்தேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மனைவியைத் துடைத்துவிடக்கூடத் தண்ணீர் இல்லை என்று அவர் சொல்ல, அப்பா "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டு, கடைசியில், "சாயங்காலத்துக்குள்ள லாரி வரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்! லாரியை யார் அனுப்புவது? நான் கெஞ்சாத ஆள் இல்லை அன்றைக்கு. தண்ணீர் லாரிகள் நிற்கிற கிட்டங்கியின் மேற்பார்வையாளர், "யாரு மேடம் இது, புது மேலதிகாரி, எங்களைக் கேக்காம லாரியைத் தானம் பண்றாரு?" என்று கேட்டார். எப்படியோ போய்ச் சேர்ந்தது. அப்பாவிடம் கோபப்பட்டேன். வாடிக்கையாளர் பெயரும் விலாசமும் திரையில் இருக்கிறபோது வெளியாள் யாரும் பக்கத்தில்கூட வரக்கூடாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இது வெளியே வந்தால் திட்டமே நின்றுபோகும் என்றேன். "நீ கையைத் தூக்கினே. நான் வந்தேன். வேற என்ன பண்ணணும்னு சொல்லு, அடுத்த தடவை அதைப் பண்றேன்" என்றார். உடனே நான் டீ ஆறிவிட்டது என்று சண்டை போட்டேன்.

இன்றைக்குச் சோதனைக் காலத்தின் கடைசிக் கூட்டம். வீட்டிலிருந்து எடுத்த அழைப்புகளில் சிலவற்றைப் போட்டுக் கேட்டு, ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று மேலாளர் அம்மா தலைமைக்கு எழுத வேண்டும், அதை வைத்துத்தான் திட்டம் தொடருமா என்பது. எத்தனை ஆயிரம் அழைப்பு! இது வராது என்று தைரியமாகத்தான் போனேன். ஸ்பீக்கரில், "உக்காந்துட்டீங்களா?" என்று கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. அறையில் யாருக்கும் அந்தக் குரல் புதிது இல்லை. மழை நாளில் என்னை இறக்கிவிட வந்தால் வாசலிலிருந்தே, "எல்லாரும் சௌக்கியமா?" என்று குரல் கொடுக்கிறவர்தானே. ஒருத்தி மேஜையைப் பார்த்தாள், ஒருத்தி ஏ.சி.யைப் பார்த்தாள், சுருட்டை என்னைப் பார்க்கவே இல்லை. மேலாளர் அம்மா கேட்டார், "இந்தக் குரல் யாரோடது? இப்படிப் பேசற மேலதிகாரி நம்மகிட்ட இருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?" என்று. என் பாழாய்ப்போன இடது கை தானாக மேலே போயிற்று. அது ஒப்புக்கொள்வதற்காகத் தூக்கிய கை இல்லை, குரல் உடையப்போகிறது என்று தூக்கிய கை. அறையில் எல்லோருக்கும் அந்த வித்தியாசம் தெரியும். குயில் எழுந்து நின்றார். அந்த மெல்லிசுக் குரலில், "நான்தான் மேடம். இவங்க லைனை எனக்கு மாத்திவிட்டாங்க, அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்தது" என்றார். மேலாளர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தொண்டை கட்டினா உங்களுக்கு இப்படி ஒரு குரல் வருமா? அப்ப கட்டியே இருக்கட்டுமே, எதுக்கு மருந்து சாப்பிட்டீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கூட்டம் முடிந்தது. வெளியே வந்ததும் குயிலிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "கை தூக்கினீங்க, நான் சும்மா இருந்தேன்" என்றார், அப்பா சொன்ன அதே நியாயம். இந்த ஆண்பிள்ளைகளோடு வாதாட முடியாது.

வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னால் குயில் எனக்காகச் சுமக்கிற பொய் அவர் தலையிலிருந்து இறங்கும், ஆனால் திட்டம் நின்றால் சுருட்டை தேதி போட்டுவிடுவாள். சொல்லாவிட்டால் அவளுக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் என் பயமும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது, எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. படித்த புத்தகங்களெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் அலமாரியிலேயே இருந்துவிடுகின்றன. நாளைக் காலை முதலில் சுருட்டையிடம் கேட்கலாம் என்று இருக்கிறேன், போகிற வேலை அவளுடையது, என் மனசு லேசாவதற்காக அவளைக் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது. இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டதெல்லாம், குரல் ஸ்பீக்கரில் எப்படி இருந்தது என்றுதான்.

உனக்கு இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் கம்பெனியில் ஆபீஸ் என்ற ஒன்றே இல்லை, எல்லோரும் அவரவர் அறையில்தான் என்று நீ சேர்ந்தபோது சொன்னாய், நான் பெருமையாக நாலு பேரிடம் சொன்னேன். போன தடவை பேசும்போது உன் குரல் தட்டையாக இருந்தது. தூக்கம் என்றாய். பத்தொன்பது வயசில் உன்னைப் பெற்று, உன்னோடு சேர்ந்தே வளர்ந்தவள் நான், உன் தூக்கக் குரல் எனக்குத் தெரியாதா? வீட்டிலிருந்து வேலை செய்வது கெடுதல் என்று சொல்ல வரவில்லை, சுருட்டையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நீ கை தூக்கினால் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன். எதிர் அறையில் தையற்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள், கத்தரிக்கோல் சத்தம் கேட்கும் என்று முன்பு எழுதினாய். ஒரு நாள் கதவைத் தட்டி, ஒரு பொத்தான் தைக்கவாவது கொடு. பொத்தான் எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு போ. மேஜையிலேயே சாப்பிடாதே. மடிக்கணினியை மூடியதும் ஒரு சுற்று நடந்துவிட்டு வா, யாரும் உன்னைத் தேடவில்லை என்றாலும் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வருகிற மாதிரி வா.

எது வந்தாலும் திடமாக இரு, உன்னைச் சுற்றி நல்ல மனுஷர்கள் இருக்கட்டும், உன் குரல் பழையபடி ஆகட்டும். அப்பா தன் ஆசியையும், புத்தகத்தில் விழுந்த கறைக்கு மன்னிப்பையும் சேர்த்து எழுதச் சொன்னார். பொத்தானை மறக்காதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

பின்குறிப்பு: உறையை இத்தனை நாளாக ஒட்டாமல் வைத்திருந்தேன், அதனால் மீதியையும் எழுதிவிடுகிறேன். மறுநாள் காலையிலேயே சுருட்டையிடம் கேட்டேன். "சொல்லிடுங்க அக்கா, அந்தக் குயில் இன்னொரு தடவை தொண்டை கட்டினா நான் சிரிச்சே மாட்டிக்குவேன்" என்றாள், ஆனால் சொல்லிக்கொண்டே ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். மேலாளர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நேத்தே தெரியும். அவர் உக்காந்த பிறகும் உங்க கை இறங்கலையே" என்றார். நடந்ததை மறைக்காமல் தலைமைக்கு எழுதினார், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களைத் தனியாக விடக்கூடாது, ஒருவர் தூக்கிய கை மற்றவருக்குத் தெரியும்படி இரண்டிரண்டு பேராக வீடியோ இணைப்பில் வைக்க வேண்டும் என்றும் எழுதினார். நேற்று உத்தரவு வந்தது. திட்டம் தொடர்கிறது, சுருட்டை வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். எனக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு அந்த அனுமதி கிடையாது, தினமும் ஆபீஸ். அப்பா காலையில் டீயை பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புகிறார்.