வெளி போல்ட்டுக்கு அளவு கேட்டு வருகிறேன்

தம்பி மருதாசலம்,

கம்பஞ்சோறும் தட்டைப்பயறு குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடு.

லாரி எஞ்சினுக்கு நீ வாங்கியிருப்பது கம்பெனி போல்ட் இல்லை, வெளித் தயாரிப்பு. எவ்வளவு இறுக்கி முறுக்குவது என்று லாரிப் புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் அளவு அதற்குச் சரிவராது. மிஞ்சி முறுக்கினால் மெயின் பேரிங் கிராங்கைப் பிடித்துக்கொண்டு எஞ்சினே சுற்றாது. வெள்ளிக்கிழமை முட்டை லோடு கைவிட்டுப் போய்விடும்.

உன் மச்சான் இருந்தவரை, போல்ட் விற்றவரிடம் அளவு கேட்காமல் முறுக்க மாட்டார். "உன்ற தம்பி கையில ரெஞ்சக் குடுத்தா எஞ்சினே அழுதுரும் புள்ள" என்று, விளக்குப் பிடித்து நிற்கும் என்னிடம் சிரிப்பார்.

நேற்று "உனக்கென்னக்கா தெரியும்" என்றாய். கோபமில்லை. அளவு கேட்கத்தான் நாமக்கல் போகிறேன். மத்தியானம் வந்துவிடுவேன்.

அக்கா

டார்க் ரெஞ்சைத் தேடாதே. உன்னை நம்பி விட்டுப்போக மனமில்லாமல் அதையும் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன்.