நான்காவது கட்டில்காரர் சொன்னது

நேற்று முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். பிடரியைச் சீர்செய்வதற்காகக் கடைக்காரர் மின்கருவியை எடுத்து என் கழுத்தோரம் வைத்தார். அது ஒரே சுருதியில் உர்ரென்று இரைந்தது. நீ பேசத் தொடங்கிவிட்டாய் என்று எண்ணித் திரும்பிவிட்டேன்.

"ஆடாதீங்க சார், காதுல பட்டுரும்" என்றார். கண்ணாடியில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "கூசுதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். விளக்கப் புகுந்தால் உன் தொண்டையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பெறுநர் இல்லாத கடிதம் எழுதுவது முறையா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் நம்மிடையே ஒரு வாதம் முடியாமல் நிற்கிறது. கேலி செய்யவே கூடாத விஷயம் என்று ஏதேனும் உண்டா? உண்டு என்றேன் நான். இல்லை என்றாய் நீ. உனக்குப் பின் நடந்ததையும் சேர்த்து எழுதினால்தான் வாதம் முழுமையாகும்.

சிவாஜிநகருக்கும் ஹெப்பகோடிக்கும் இடையே ஓடிய நம் தொழிற்சாலைப் பேருந்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை வாயிற்கதவைத் தாண்டியதும் யாரேனும் ஒருவர் ஓட்டுநர் அருகே எழுந்து நின்று, மடிவாளா நிறுத்தம் வரும்வரை எல்லோரையும் சிரிக்கவைக்க வேண்டும். தமிழர், கன்னடர், மலையாளி, தெலுங்கர் என்று ஒருவரையும் அந்தப் பேருந்து விட்டுவைத்ததில்லை. பிறகு தொண்ணூற்றொன்றாம் ஆண்டு டிசம்பரில், காவிரியின் பெயரால் நகரம் எரிந்தது. பேருந்து மீண்டும் ஓடத் தொடங்கிய முதல் வெள்ளியன்று ஒருவர் தண்ணீரைப் பற்றி ஏதோ சொல்ல, இன்னொருவர் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

பேருந்துக் குழுவின் செயலாளன் என்ற முறையில் நான் விதி எழுதினேன். மொழி, ஆற்றுநீர், மதம், நோய், சாவு ஆகியவற்றைத் தொடக் கூடாது. சொல்லப்போவதை முன்கூட்டியே செயலாளரிடம் சொல்லிக்காட்ட வேண்டும்.

"மிச்சம் என்னடா இருக்கு, வானிலை அறிக்கையா?" என்றாய். "அதுலயும் மழ பேயும், ஆத்துல தண்ணி வரும். அதுக்கும் நீ தடை போடுவ."

ஆனால் பத்தாண்டுகளுக்கும் மேலாக நீ அந்த வேலிக்குள்ளேயே நின்று எங்களைச் சிரிக்கவைத்தாய். உன் வழுக்கையும் என் விதிகளுமே உனக்குப் போதுமானவையாக இருந்தன.

பிறகு உன் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து, சட்டைப் பையில் சிறிய டார்ச் விளக்குப் போன்ற ஒரு கருவியோடு பேருந்தில் ஏறினாய். அதைக் கழுத்தில் அழுத்தி நீ வாயசைத்தால், ஏற்ற இறக்கம் இல்லாத இரைச்சலாகச் சொற்கள் வெளிவந்தன.

எல்லோரும் உன்னிடம் அன்பாக நடந்துகொண்டார்கள். அதுதான் உனக்குத் தாங்கவில்லை. ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்தார்கள். பின் இருக்கை பாஷா, ஆண்டுக்கணக்கில் உன்னை வம்புக்கிழுத்தவர், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி உரக்க நலம் விசாரித்தார். "தொண்டதான் பாய் போச்சு, காது இருக்கு" என்றாய். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை நிறுத்தத்தில் என்னைத் தனியே அழைத்துப் போனாய். "இந்த வெள்ளிக்கிழமைய எனக்குக் குடு. இல்லேன்னா இனிமே இந்த பஸ்ல பொணம் மாதிரிதான் வந்துட்டுப் போவணும்."

சொல்லப்போவதை முழுவதும் சொல்லிக்காட்டினாய். நோய், சாவு இரண்டுமே அதில் இருந்தன. விதிப்படி மறுத்தேன்.

"யாரோட நோய்டா? என்னோடதுதானே? என் சொத்தப் பத்தி நான் பேசறதுக்கு ஒன் கையெழுத்து வேணுமா?"

அன்று பகலெல்லாம் யோசித்துவிட்டு, மாலையில் ஒரு திருத்தம் எழுதினேன்: தனக்கு நேர்ந்ததைத் தானே சொல்வதற்குத் தடையில்லை. அதைப் படித்ததும் உன் தோள்கள் குலுங்கின. ஓசையில்லாத சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்றாய். பேருந்தில் ஒருவர் முகத்திலும் சிரிக்கும் எண்ணம் தெரியவில்லை. "முன்னெல்லாம் என் பேச்ச யாராலயும் நிறுத்த முடியல" என்று கருவி இரைந்தது. "இப்ப சுவிட்ச் வச்சு அனுப்பியிருக்காங்க. வீட்டுல அது யார் கைல இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

பாதிப்பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிறகு பின்னாலிருந்து பாஷா, "எங்க வீட்டுல சுவிட்ச் இல்லாமயே ஆஃப் பண்றாங்க பாய்" என்றார். அவ்வளவுதான், பேருந்து உடைந்து சிரித்தது. பழைய இடத்துக்கு நீ வந்து சேர்ந்துவிட்டாய்.

அடுத்து மருத்துவமனைக் கதையைத் தொடங்கினாய். உன் அறையில் நான்காவது கட்டில்காரருக்கு மறுநாள் அறுவை. அதன் பிறகு குரல் இராது. சொந்தக் குரலில் அவர் பேசும் கடைசி வாக்கியத்தைக் கேட்பதற்காகக் குடும்பமே கூடிவிட்டது. மகன் டேப் ரெக்கார்டரை அழுத்திப் பிடித்திருக்கிறான். மனைவி அவர் கையைப் பற்றிக்கொண்டு, "ஏதாச்சும் சொல்லுங்க" என்கிறார். அவர் கண்ணை மூடி நெடுநேரம் யோசிக்கிறார்.

அங்கே கருவி நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கையால் காட்டினாய். எல்லோரும் ஏமாற்றத்தோடு கைதட்டினார்கள். நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

இறங்கி நடக்கும்போது கருவி நன்றாகவே பேசியது. "முன்சீட்டுல சாரதம்மா மொகத்தப் பாத்தியா? முந்தானையக் கழுத்துல வச்சு அழுத்திக்கிட்டாங்க."

கணக்குப் பிரிவு சாரதம்மாவின் கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. என்ன நோய் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

"இதுக்காகத்தான் விதி வேணும்னேன்" என்றேன்.

"விதி இருந்தா நீயும் அவங்க மொகத்தப் பாத்திருக்க மாட்ட, நானும் பாத்திருக்க மாட்டேன்" என்றாய். சிறிது தூரம் போன பிறகு, "மிச்சக் கதைய அவங்களுக்கு எப்பத் தேவையோ அப்பச் சொல்லிக்கலாம்" என்றாய்.

என் பதிலை அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உனக்கு முகம் பார்க்கத் தெரிந்தது. எனக்கு அது இயல்பாக வருவதில்லை. என்னைப் போன்றவர்களுக்காகத்தான் விதிகள் எழுதப்படுகின்றன.

அதன் பிறகு நீ வெகுகாலம் இருக்கவில்லை. உன் மறைவுக்குப் பின் வந்த வெள்ளியன்று, மடிவாளா வரை மௌனமாகப் போவது என்று நான்தான் தீர்மானம் சொன்னேன். நீ நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பொம்மனஹள்ளி நெரிசலில் பேருந்து நின்றபோது, சாரதம்மா எழுந்து வந்து உன் இருக்கையில் அமர்ந்தார்.

"செக்ரட்டரி சார், முன்னாடியே எல்லாம் உங்ககிட்டதானே சொல்வாங்க? அந்த நாலாவது பெட்காரரு கடைசில என்ன சொன்னாரு?"

தயங்கினேன். "அது ஒரு சாதாரண வேடிக்கைதாம்மா. நீங்க வருத்தப்படக் கூடாது."

"அன்னிக்கு அவரு பேட்டரி தீரல. எனக்குத் தெரியும். சொல்லுங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விதியைப் பார்க்கவில்லை. சொன்னேன்: "மனைவியப் பாத்து, 'கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டியா?'ன்னாராம்."

சாரதம்மா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் சிரித்தார். "எங்க வீட்டவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'மோட்டர் ஆஃப் மாடித்யா?' ஆஃப் பண்ணிட்டியான்னு. தண்ணி மோட்டர் சார். இவ்வளவு வருஷமா இத யாருக்கும் சொல்லல. எப்படிச் சொல்றது? ஏதோ பெருசா சொல்லிட்டுப் போனாருன்னு மகளே நெனச்சிட்டிருக்கா."

"சரி, ஆஃப் பண்ணீங்களா?" வாழ்க்கையில் முதன்முறையாக, முன் அனுமதி இல்லாமல் என் வாயிலிருந்து ஒரு கேலி வந்தது.

"எங்க பண்ணினேன்? தொட்டி ரொம்பி வழிஞ்சு பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கத்தினாங்க."

"என்னக்கா, எங்களுக்கும் சொல்லுங்க" என்று பாஷா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். சாரதம்மா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி ஓட்டுநர் அருகே, நீ நிற்கும் இடத்தில் போய் நின்றார். மடிவாளா வந்த பிறகும் யாரும் இறங்கவில்லை.

அந்த நான்காவது கட்டில்காரர் நீதானா என்று உன்னிடம் நான் கேட்கவில்லை. உன் மனைவியிடமும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

நான் இன்னும் விதிகள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு. இன்று காலை வெளியே கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டபடி உள்ளே பார்த்து, "மோட்டார் ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்டேன். "பண்ணிட்டேன், போய்ட்டு வாங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. நான் கடைசியாகப் பேசியது இதுவாகவே இருந்தாலும் குறையொன்றும் இல்லை என்று எண்ணிக்கொண்டு படியிறங்கினேன்.