மாப்பிள்ளை தலையில் பீச்சாங்கை

மார்ச் 3, செவ்வாய்

தெரியல. அதுதான் பதில். அக்யா அக்கா கென்கி சோள உருண்டையும் பொரித்த மீனும் நிறைந்த பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "உனக்கு என்னதான்டா வேணும் இந்த உலகத்துல?" பானையை இறக்கிவிட்டுக் கேட்டிருந்தால் யோசித்தாவது சொல்லியிருப்பேன். சந்தைக்குக் கிளம்புகிற அவசரத்தில் கேட்டால்?

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். பரீட்சையில் மணி அடிக்கும்போது என் கை முதல் பக்கத்திலேயே இருக்கும். போன் ரிப்பேர் கடையில் போனைப் பொசுக்கினேன். தையல் கடையில் துணியைக் கோணலாக வெட்டினேன். இப்போது குமாசியில், பாந்தாமா பக்கம், தவியாவின் முடிவெட்டும் கடை. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அவன். "மொதல்ல முடியப் பெருக்கு மச்சி, அப்புறம் வெட்டலாம்"னான்.

பெருக்குகிறேன்.

மார்ச் 5

இன்று மிஷினைக் கையில் கொடுத்தான். ஒரு மினிபஸ் டிரைவருக்கு நெற்றிக் கோட்டை நேராக்கணும், அவ்வளவுதான். காதுப் பக்கம் போவதற்குள் கோடு நெளிந்து மேலே ஏறிவிட்டது. டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"தம்பி, கோடு போடச் சொன்னேன். நீ குமாசி ரோடு போட்டிருக்க. குழியோட!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு வரல. எல்லாருக்கும் ஒண்ணு வருதே, எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே வரல?

மார்ச் 11

சீப்பு கழுவும் வெந்நீர் வலது கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டு வரை கட்டு; விரல் நுனியில் பேனாவை இடுக்கி எழுதுகிறேன். இனி பெருக்கக்கூட லாயக்கில்லை.

மார்ச் 13, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் டயர் கடை டார்க்வா வந்தார். நாளைக்கு அவர் ஆட்கள் பெண் வீட்டுக் கதவைத் தட்டிப் பெண் கேட்கப் போகிறார்கள். "ராஜா மாதிரி இருக்கணும்"னு சொல்லிவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். பாதித் தலை முடிந்திருக்கும், தவியாவுக்குப் போன். பொண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது. "மச்சி, பாத்துக்கோ!" – மிஷினை என் பக்கம் நீட்டிவிட்டு ஓடினான். எதைப் பாத்துக்க?

பாதி மொட்டை, பாதி காடு. நாளைக்குப் பெண் கேட்கும் தலை. என் வலது கையில் கட்டு. மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது.

இடது கையில் எடுத்தேன்.

கோடு வந்தது. நேரா. சும்மா, தண்ணி ஓடுற மாதிரி. காதை வளைத்துக்கொண்டு பிடரிக்கு இறங்கி, எங்கே நிற்கணுமோ அங்கே தானாக நின்றது. நான் செய்யல, நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். யார் கை இது? இத்தனை வருஷம் எங்க இருந்துச்சு?

டார்க்வா முழித்தார். கண்ணாடியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது – சத்தியமா மலர்ந்தது. அப்புறம் கண்ணாடிக்குள்ளேயே மிஷின் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தார்.

"டேய்! பீச்சாங்கையா? பொண்ணு கேக்கப் போற தலைடா இது! எங்க மாமனுங்க கேட்டா என்னைத் தெருவுலயே நிறுத்துவாங்க!"

துண்டை உதறி எறிந்துவிட்டுப் போனார். தெரு முழுக்க அவர் சத்தம்.

இதை இடது கையால் எழுதுகிறேன். மை உள்ளங்கையில் ஒட்டுகிறது. ஆனால் கை நிற்க மாட்டேங்குது.

மார்ச் 14

தவியாவுக்குப் பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை பிறந்ததால் பேரு அஃபுவா. கடையில் ஒரு ஈ காக்கா இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

சந்தையில் அக்காவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். சோற்றுத் தட்டை என் முன்னால் வைக்கவில்லை. தள்ளினாள்.

"அந்தக் கையால நீ வழி காட்டினாலே அவமானம். தலையைத் தொட்டிருக்க! நாளைக்கு எங்கிட்ட எவ மீன் வாங்குவா? அந்தக் கையாலதான் வேலைன்னா இந்த வீட்டுப் பக்கம் வராத."

அம்மா கோகோ தோட்டத்தில் வேலைக்குக் கிடந்தபோது என்னை வளர்த்தவள் இவள்தான். இடது கையால் கரண்டி எடுத்தால் இஞ்சியும் மிளகாயும் அரைத்து விரல் இடுக்கில் தேய்ப்பாள். அழுதால் ஊதிவிடுவாள். மறுபடி எடுத்தால் மறுபடி தேய்ப்பாள்.

என்ன வேணும்னு கேட்டல்ல? இப்ப தெரியுது. இப்பப் போய்த் தெரியுது பாரு!

மார்ச் 17

டார்க்வா வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று வாளிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"கதவைத் தொறந்துட்டாங்க, பொண்ணு தர்றாங்களாம்" என்றார் மெதுவாக. "பொண்ணோட அத்தை, முடி எங்க வெட்டினேன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"இருமினேன்." தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு என் கூட்டாளிங்க நாலு பேரு வருவாங்க. அதே கையால வெட்டு. ஆனா யாரும் பாக்கக் கூடாது."

மார்ச் 18

தவியா கடைக் கோடியில் திரை மாட்டினான். பூப்போட்ட பழைய படுக்கை விரிப்பு. "உள்ள நீ, வெளிய நான். மச்சி, நீ இப்ப ரகசிய ஆயுதம்!"

ராத்திரி தவியாவின் கடையிலேயே படுக்கை. அக்கா கூப்பிடல.

மார்ச் 24

திரைக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. வெட்டி முடித்ததும் வலது கையைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். ஆறின தோல், ஒண்ணும் செய்யாத கை, அதுக்கு நன்றி!

ஒருத்தர் டார்க்வாவின் கூட்டாளி. தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வெளியில பார்த்தா நமக்குள்ள பழக்கம் இல்ல, சரியா?" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? காலையில் எழுந்ததும் ஓடிவந்து செய்ய ஆசைப்படுகிற வேலை இது ஒண்ணுதான். அதைத் திருட்டு வேலை மாதிரி செய்யறேனே.

தவியாவிடம் சொன்னேன், திரையைக் கழட்டணும்னு.

"கழட்டினா கடை காலி மச்சி. பால் டப்பா வாங்கணும் எனக்கு."

அவன் சொல்வதும் சரிதான். அதுதான் எரியுது.

மார்ச் 28, சனி

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் திரைக்கு வெளியே மீன் வாசம். பார்க்காமலே தெரிந்தது. திரை ஓரத்து இடுக்கில் ஒரு கண். நான் ஒருத்தருக்குப் பிடரி இறக்கிக்கொண்டிருந்தேன். இடது கையால். நிறுத்தலாமா என்று நினைத்தேன். கை நிற்கவில்லை. அந்தக் கண்ணும் நகரவில்லை. முழுத் தலையும் முடியும் வரை அங்கேயே நின்றது.

அவர் போனதும் அக்கா உள்ளே வந்தாள்.

"எங்க கத்துக்கிட்ட?"

"எங்கயும் இல்லக்கா."

என் இடது கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக விரித்து, இடுக்கைப் பார்த்தாள். என்ன தேடினாள்? தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். பின்னல் எல்லாம் பிரித்துவிட்டே வந்திருக்கிறாள்.

"ஒட்ட வெட்டிடு. அடுப்புச் சூட்டுல தலை வேகுது."

"இங்கயா? திரைக்குப் பின்னால?"

"பின்னால எதுக்கு? நான் என்ன கோழியா திருடினேன்?" எட்டித் திரையை ஒரே இழுப்பு. ஆணியோடு வந்துவிட்டது. தவியா "அய்யோ அக்கா!" என்றான். "என்னடா அய்யோ? காத்து வரட்டும்" என்று நாற்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு வாசலுக்கே போனாள். எதிர்ச் சாரி முழுக்க அவள் சந்தைத் தோழிகள். எல்லாரும் கூடையை இறக்கிவிட்டுப் பார்க்கிறார்கள்.

மிஷின் சார்ஜ் ஏறுகிற நேரத்தில் இதை எழுதினேன். பச்சை விளக்கு எரிந்துவிட்டது. "டேய், வெயில்ல உக்கார வெச்சுட்டு என்ன எழுதிக்கிட்டு இருக்க?"ன்னு கத்தறா. நான் போகணும்.