இரண்டாவது கோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? அப்பாவுக்கு மூச்சு வாங்குவது நின்றதா?

போன வாரம் இங்கே ஒரு கூத்து. விண்மீன் திரள்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கணிப்பதுதானே என் வேலை? அந்த ஒளியில் ஒவ்வொரு வாயுவுக்கும் உரிய சில பளிச்சென்ற கோடுகள் தெரியும். தூரம் கூடக் கூட அவை சிவப்புப் பக்கம் தள்ளிப்போகும். ஒரு திரளில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. அது ஹைட்ரஜனின் கோடுதான் என்று நானாக முடிவுகட்டி, "இது பக்கத்துலதான் இருக்கு" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். கடைசியில் அது நீலப் பக்கத்திலிருந்து வெகுவாகத் தள்ளிவந்த ஆக்சிஜன் கோடு. திரளோ எங்கோ தொலைவில்.

"ஒத்தக் கோட்ட நம்பி யாராவது வாயத் தொறப்பாங்களா? ரெண்டாவது கோட்டத் தேட வேண்டாமா?" என்றாள் பக்கத்து மேசை அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அறைக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. மூன்று வாரமாக எப்போது கூப்பிட்டாலும் "அப்பா தூங்குறாருடி" என்கிறாய். காலையிலும் அதே பதில், சாயங்காலமும் அதே பதில். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் நலம் என்று நானும் கணித்திருக்கிறேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடி மேசை இழுப்பறையில் இருக்கும், அனுப்பிவை. இங்கே இருப்பதில் கீறல் விழுந்துவிட்டது. பார்சல் மேல் முகவரியை மட்டும் அப்பாவை எழுதச் சொல். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. அவர் கையெழுத்து எனக்குத் தெரியும் அம்மா. நீ எழுதி அனுப்பிவிடாதே.

உன் மகள்