அப்பாவுக்கு நான் மறுத்த சோறு

லா கார்லோட்டா, நெக்ரோஸ், பிலிப்பைன்ஸ்
ஜனவரி 19, ஞாயிறு

அன்பு மகள் மரிவெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். தேவமாதா உன் பக்கத்திலேயே இருப்பாளாக. நானும் அப்பாவும் நலம். இந்த முறை அதை வெறும் வார்த்தையாக எழுதவில்லை.

அக்டோபரில் அப்பா கரும்புக்காட்டில் விழுந்த சேதி இத்தனை நாள் கழித்து என்னோடு காட்டு வேலைக்கு வரும் லோலிட்டாவின், அங்கே இருக்கிற அக்கா மகள் மூலம் உனக்கு வந்துவிட்டதாம். ஹாங்காங் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. நடந்ததை முழுதாகப் படி. போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் கடிதம்.

செப்டம்பரில் அவருக்குக் கண் மங்கியதும், காலில் புண் ஆறாமல் இருந்ததும் உனக்குத் தெரியும். சுகாதார நிலையத்தில் சர்க்கரை முந்நூற்று நாற்பது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். நர்ஸ் ஹெர்மினியா ஒரு தட்டில் கோடு போட்டுக் காட்டினாள்: பாதித் தட்டு காய், கால் தட்டு மீன், மிச்சக் கால் தட்டுதான் சோறு. மூன்று தட்டுச் சோறு தின்று, அதற்குமேல் கோலா குடிக்கிற மனிதர் அவர். "இது சோறா, பூனைக்கு வைக்கிறதா?" என்று கேட்டார்.

எனக்குத்தான் பயம் தலைக்கேறிவிட்டது. பக்கத்துத் தெரு டோமெங்குக்குச் சர்க்கரையால் காலை வெட்டி எடுத்தது கண்முன்னே நின்றது. கொஞ்சம் சோறு நல்லது என்றால் சோறே இல்லாதது இன்னும் நல்லது என்று நானே முடிவு செய்தேன். நர்ஸைக் கேட்கவில்லை. அரிசி டப்பாவைப் பூட்டினேன். நான்கு நாள் பாகற்காய், முருங்கைக்கீரைச் சாறு, ஒரு துண்டு மீன், அவ்வளவுதான். மாத்திரையை மட்டும் தவறாமல் நானே வாயில் போட்டேன்.

ஐந்தாம் நாள் காலை நாங்கள் பெண்கள் கரும்புக் கரணை நட்டுக்கொண்டிருந்தோம். அப்பா வெட்டுகிற ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வரப்பில் சரிந்து விழுந்துவிட்டார். "மேஸ்திரி காலையிலேயே ஊத்திக்கிட்டாரா?" என்று ஒருவன் சிரித்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றார். மரிவெல், முப்பத்தொரு வருஷம் ஒரே பாயில் படுத்த மனிதர்.

லோலிட்டா தன் பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றி, பொட்டலத்துச் சர்க்கரையை நாலு கரண்டி கொட்டினாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். "சர்க்கரை குடுத்தா செத்துடுவாருடி!" என்று கத்தினேன். அவள் என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "விடுக்கா! இது சர்க்கரை ஏறுனது இல்ல, இறங்குனது. எங்கம்மாவுக்கு இப்படித்தான் வரும்" என்றாள். மறுபடி ஊற்றினாள். விழுங்குவாரா என்று முதலில் ஒரு மிடறு கொடுத்துப் பார்த்தாள். விழுங்கினார்.

அடுத்த கால் மணி நேரத்தில் நான் கண்டதை எந்தப் பூசையிலும் கண்டதில்லை. உதட்டில் நிறம் வந்தது. நடுக்கம் நின்றது. கண் அங்குமிங்கும் அலைந்து என் முகத்தில் வந்து நின்றது. "லிப்ரா, ஏன் அழுவுற? கரணை நடலையா?" என்றார். எந்தச் சர்க்கரைக்கு நான் கதவைப் பூட்டினேனோ, அதுவே அவரை என் கையில் திருப்பிக் கொடுத்தது. நான் அந்த மண்ணிலேயே முழந்தாளிட்டேன்.

அன்றே சுகாதார நிலையத்துக்குப் போனோம். யார் சோற்றை நிறுத்தச் சொன்னது என்று ஹெர்மினியா கேட்டாள். அப்பா சட்டென்று, "நான்தாம்மா. வாய் கசந்துச்சு, சாப்பிடல" என்றார். எனக்காகப் பொய் சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் பட்டினி போட்டேன் என்று சொல்லிவிட்டேன். "முப்பது வருஷமா இதுக்குத்தான் நேரம் பாத்துக்கிட்டிருந்தா" என்று அவர் சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை. டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் குறைத்தாள். வேளை தவறாமல் ஒரு கைப்பிடிச் சோறு, அதற்குப் பதில் வள்ளிக்கிழங்கு தின்றால் சோறு கிடையாது, இரண்டும் ஒரே கணக்கு என்றாள். எனக்கு அது தெரியாது. கிழங்கு காய்தானே என்று நினைத்திருந்தேன்.

நீ அனுப்பிய ரத்தச் சோதனைக் கருவி வந்ததிலிருந்து வீட்டில் அதிசயம்தான். ஒரு நாள் சர்க்கரை போட்ட அரிசிக் கஞ்சி குடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து இருநூற்று நாற்பது. மறுநாள் முதலில் கீரையும் பாசிப்பயறும், பிறகு மீன், கடைசியில் கைப்பிடிச் சோறு. நூற்று ஐம்பத்தெட்டு! "ஒரு சொட்டு ரத்தத்துக்கு நான் என்ன தின்னேன்னு எப்படித் தெரியுது? உன்னைவிடப் பெரிய உளவாளியா இருக்கே" என்றார். உடம்புக்குள் இத்தனை கணக்காக ஒன்று நடக்கிறது, இத்தனை வருஷம் அதை அறியாமலே மூட்டை தூக்கியிருக்கிறோம்.

கால் புண் மூடிவிட்டது. போன வாரம் வாசலில் நின்றவர், "கன்லாவோன் எரிமலை உச்சியில புகை தெரியுது பாரு" என்றார். எனக்கே தெரியவில்லை. உற்றுப் பார்த்த பிறகுதான், நூல் மாதிரி, மலைமேல் ஒரு கோடு. அதற்குமேல் நான் மலையைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ வேலையை விட வேண்டாம். ஆனால் ஒன்று. நீ வேலை செய்கிற அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிய பிறகுதான் உனக்குச் சாப்பாடு என்றும், சில நாள் அதுவும் இல்லை என்றும் லோலிட்டா சொன்னாள். நீ எனக்கு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குப் புரிகிறது, அப்பா விழுந்ததை நானும் மூன்று மாதம் எழுதவில்லையே. தலை சுற்றுகிறதா? கை நடுங்குகிறதா? அடுத்த ஞாயிறு விடுமுறையில் போய் ரத்தம் பார்த்துக்கொள் மகளே. வேளைக்கு உனக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொள். கேட்க வெட்கப்படாதே. அவர்கள் கொடுக்கமாட்டோம் என்றால், அப்போது வீட்டுக்கு வா. அரிசி டப்பாவில் இப்போது பூட்டு இல்லை.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து முடிக்கிறேன்.

அம்மா,
லிப்ராடா