தட்டின் மறுபாதி

மச்சானுக்கு,

ஸலாம். இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

நான் வடிவமைத்த பீங்கான் சஹன் சேதராப்பட்டுச் சூளையிலிருந்து வந்துவிட்டது. அதே பழைய மாதிரிப் பெரிய வெள்ளைத் தட்டு, அதே நீலக் கரை. நடுவில் மட்டும் வண்ணம் போட்டிருக்கிறேன். என் பக்கம் காகிதப்பூக்கள், உங்கள் பக்கம் பச்சைக்கிளி. கல்யாணமான புதிதில் ஒரே சஹனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோமே, அதை வைத்துச் செய்தேன். இருவரும் சாப்பிட்டு முடித்தால்தான் படம் முழுதாகத் தெரியும்.

கடற்கரைப் பக்கம் கைவினைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் காட்டினேன்.

"இப்போ யாரும்மா ஒரே தட்டுல சாப்புடுறாங்க? ஒருத்தருக்குச் சின்னதா பண்ணிக் குடு, எடுத்துக்கறேன்" என்றார்.

முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். கோபம் அவர்மேல் இல்லை.

போன வாரம் பாரிசில் உங்கள் போனை எடுத்த பெண்ணின் பிரெஞ்சு அழகாக இருந்தது. நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் யாரென்று கேட்டார். தட்டு செய்கிறவள் என்றேன்.

இன்று மதியம் அந்தச் சஹனில் நெய்ச்சோறு போட்டு உட்கார்ந்தேன். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்பீர்களே, அப்படியே சாப்பிட்டேன். பூக்கள் தெரிந்தன. கிளி சோற்றுக்கு அடியிலேயே கிடந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தட்டைத் திருப்பி வைத்து, உங்கள் பக்கத்தையும் நானே சாப்பிட்டேன்.

நாளை கடைக்குப் போய், ஒருவருக்கான தட்டே செய்து தருவதாகச் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
தட்டு செய்கிறவள்